நாலு பேர் தூக்குற கம்பம்

முதல்லயே சொல்லிடுறேன், நான் குடிக்கிறவன் இல்லீங்க. மத்தவங்க தங்களோட வியாதியைச் சொல்ல வந்தா காய்ச்சல்ல ஆரம்பிப்பாங்க, வலியில ஆரம்பிப்பாங்க. காரைக்கால்ல பொறந்து, தள்ளாடுற வியாதியும் வந்தவன் இங்கேருந்துதான் ஆரம்பிக்கணும். அந்தப் பக்கம் தஞ்சாவூர் ஜில்லாவுல பல வருஷம் மதுவிலக்கு இருந்துச்சு. எங்க பக்கம் கடை திறந்திருக்கும். எல்லை தாண்டி வந்து குடிச்சவங்க பூவம் பஸ் ஸ்டாப்புல வரிசையாக் கிடப்பாங்க. அதனால எங்க ஊர்ல ஒரு ஆம்பளைக்குக் கால் பின்னுச்சுன்னா, என்ன உடம்புக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க. எந்தக் கடைன்னுதான் கேப்பாங்க.

என் பேரு ராஜமாணிக்கம். கரண்டு ஆபீஸ்ல லைன்மேன், வீடு கோவில்பத்துல. இப்ப சொல்லப்போறது என் காலைப் பத்தினதுன்னு நினைச்சுடாதீங்க. என் காலு போனாப் போவுதுன்னு நான் என்னைக்கோ விட்டுட்டேன். என் மக தேன்மொழிக்கு இது போயிருக்கா, இல்லையா? எட்டு வருஷமா எனக்கு இருந்த கேள்வி அது ஒண்ணுதான்.

வியாதி இப்படி. உட்கார்ந்தவன் சட்டுனு எழுந்தாலோ, ஓடி வந்து நின்னாலோ, பின்னாலேருந்து யாராவது திடீர்னு கூப்பிட்டாலோ வந்துடும். அடிவயித்துலேருந்து ஒரு ஜில்லிப்பு ஏறும். கால் என் பேச்சைக் கேக்காது. கை ஆடும், நாக்கு தடிச்சு வார்த்தை குழறும். புத்தி மட்டும் தெளிவா இருக்கும், அதுதான் கொடுமை. சுத்தி நிக்கிறவங்க என்ன பேசுறாங்கன்னு ஒரு எழுத்து விடாமக் கேக்கும். ரெண்டு நிமிஷம், மிஞ்சினா மூணு. அப்புறம் ஒண்ணும் நடக்காத மாதிரி நிப்பேன். பதினோரு வயசுலேருந்து இருக்கு. மயக்கம்னு சொல்லிச் சுவரைப் பிடிச்சே சமாளிச்சுக்கிட்டிருந்தேன். கம்பத்து மேல ஏறினப்புறம் ஒரு தடவைகூட வந்ததில்லை. அந்தத் தைரியத்துலதான் அந்த வேலையில இருந்தேன், இப்ப நினைச்சா எனக்கே உடம்பு கூசுது.

எம்பதுகளோட தொடக்கத்துல ஒரு நாள் பூவத்துல டிரான்ஸ்பார்மர் வேலை. கீழ குந்தி கயித்தைச் சுருட்டிக்கிட்டிருந்தேன். ஓவர்சியர் பின்னால வந்து நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். எழுந்தேன், அவ்வளவுதான். கம்பத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஆடுறேன். அவர் கிட்ட வந்து, "ஊதுடா"ன்னார். ஊதினேன்.

"வாசனை இல்லையே. வெத்தலை போட்டு மறைச்சியா?"

"இல்லீங்க சார்"னேன், வாயில குழறலாத்தான் வந்துச்சு. அது போதாதா அவருக்கு. கூட இருந்த பயலுக சிரிச்சானுக. "வாசனையே இல்லாத சரக்கு வந்துருக்காம், அண்ணனுக்கு மட்டும் கடை தெரியுது"ன்னான் ஒருத்தன்.

ஓவர்சியர் கெட்டவர் இல்லை. "மேல ஏறி இப்படி ஆனா உன் பொண்டாட்டிக்கு நான் பதில் சொல்லணும். டாக்டர் கிட்டேருந்து எழுதி வாங்கிட்டு வா, அதுவரைக்கும் கம்பத்தைத் தொடாதே"ன்னார்.

டவுன்ல ஒரு டாக்டர்கிட்ட என் சம்சாரம் வசந்தா கூட்டிக்கிட்டுப் போனா. இடுப்புல ரெண்டு வயசு தேன்மொழி. டாக்டர் என்னைக் கோடு போட்ட மாதிரி நடக்கச் சொன்னார். நடந்தேன். ஒத்தைக் கால்ல நிக்கச் சொன்னார். கொக்கு தோத்துச்சு, அப்படி நின்னேன். வேணுங்கறப்ப வராது, அதான் இந்த வியாதி. "உடம்பு நல்லாத்தான் இருக்கு. குடியை விட்டுட்டா எல்லாம் சரியாயிடும்"ன்னு அன்பாத்தான் சொன்னார். வசந்தாவுக்கு வந்துச்சே கோவம். "கட்டிக்கிட்டு மூணு வருஷமாச்சு, இவரு குடிச்சு நான் பாத்ததில்லை. நீங்க எங்க பாத்தீங்க டாக்டர்?"னா. அவர் பேனாவைத் திறந்து புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்துட்டார். எங்களை அனுப்பினாப் போதும்னு எழுதினதோ என்னவோ, அந்த லெட்டர்தான் என்னைக் காப்பாத்துச்சு.

புதுச்சேரியில வசந்தாவோட சின்னம்மா வீடு இருந்துச்சு, வசந்தாவும் குழந்தையும் அங்க தங்கிக்கிட்டாங்க. ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் பெஞ்சு பெஞ்சா உட்கார்ந்தேன். ஒரு பெஞ்சுல சீட்டு வாங்கினா அடுத்த பெஞ்சுக்கு அனுப்புவாங்க. அங்க உட்கார்ந்திருக்கறவங்களுக்கெல்லாம் ஏதோ ஒண்ணு வெளியே தெரியும், கட்டு தெரியும், வீக்கம் தெரியும். நான் மட்டும் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன். மூணாம் நாள் ஒரு டாக்டரம்மா, மலையாளம் கலந்த தமிழ், முப்பது வயசு இருக்கும், நான் சொன்னதைக் குறுக்கே பேசாமக் கேட்டாங்க. "படுத்துக்கோங்க, வரட்டும். நான் கண்ணால பார்க்கணும்"னு வார்டுல சேத்துட்டாங்க.

பக்கத்துக் கட்டில்ல ஹமீதுன்னு ஒருத்தர். முஸ்லிம் வீடுகள்ல அண்ணனை நானான்னு கூப்பிடுவாங்க, அதனால எல்லாருக்கும் அவர் ஹமீது நானா. நம்ம காரைக்கால்தான், துபாய்ல பல வருஷம் இருந்துட்டு வந்தவர். வாய் ஒரு பக்கமாக் கோணிப்போயி வைத்தியம் பாக்க வந்திருந்தார். ஊர்க்காரன்னு தெரிஞ்ச உடனே கோணின வாயோட குனிஞ்சு, "தப்பா நினைக்காதீங்க தம்பி, எந்தக் கடை?"ன்னார். எனக்கு எரிச்சலான எரிச்சல். அன்னைக்கு முழுக்க அவர் பக்கம் திரும்பவே இல்லை. மறுநாள் காலையில பல் விளக்க எழுந்தப்ப எனக்கு வந்துச்சு. கட்டில் கம்பியைப் பிடிச்சு ஆடினதை அவர் படுத்தபடியே பாத்துக்கிட்டிருந்தார். முடிஞ்சதும், "மன்னிச்சிடுங்க தம்பி, நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது"ன்னார். அதுக்கப்புறம் அவர் வீட்டுலேருந்து வர்ற கஞ்சியில பாதி எனக்குத்தான்.

ஆனா டாக்டரம்மா வர்ற நேரத்துல மட்டும் வரவே இல்லை. மூணு நாள் ஆச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. திருப்பி அனுப்பிட்டா எதைக் கொண்டுபோய் ஓவர்சியர்கிட்ட காட்டுறது? என் புலம்பலையெல்லாம் ஹமீது நானா கேட்டுக்கிட்டிருந்தார். நாலாம் நாள் டாக்டரம்மா என் கட்டில்கிட்ட வந்து நின்னாங்க. மரியாதைக்கு எழுந்தேன் பாருங்க, அந்த நேரம் பாத்து நானா தன் எவர்சில்வர் தட்டைத் தூக்கி என் பின்னால தரையில ஓங்கிப் போட்டார். வார்டே அதிர்ந்துச்சு. எனக்கு வந்துடுச்சு.

நர்ஸம்மா நானாவைப் பிடிச்சு ஏசுறாங்க. அவர், "பாத்துக்குங்க டாக்டரம்மா, நான் சாட்சி. காலையிலேருந்து இவரு எங்க வீட்டுக் கஞ்சியைத் தவிர ஒண்ணும் குடிக்கலை"ங்கறார். டாக்டரம்மா யார் பேச்சையும் காதுல வாங்கலை. ஒரு கையால வாட்சைப் பாத்துக்கிட்டே இன்னொரு கையால என் விரலைப் பிடிச்சிருந்தாங்க. எல்லாம் அடங்கினப்புறமும் அந்த விரலை விடலை. "இது எப்பவும் இப்படித் துடிக்குமா?"ன்னாங்க. அப்பத்தான் நானே கவனிச்சேன். சும்மா நீட்டி வெச்ச விரல் நுனியில தோலுக்கு அடியில மெல்லிசா ஒரு நெளிச்சல். முப்பது வயசு வரைக்கும் என் கையை நான் பாத்ததே இல்லை போலிருக்கு.

அப்புறம் டெஸ்ட்டுமேல டெஸ்ட்டு. ரத்தம் எடுத்தாங்க. தலையில பசை தடவி ஒயர் ஒயரா ஒட்டினாங்க. ஊருக்கெல்லாம் ஒயர் இழுத்த எனக்கே இழுக்குறாங்களேன்னு வசந்தாகிட்ட சொன்னேன், அவ சிரிக்கலை. கையில ஊசி குத்தி அதை ஒரு பெட்டியோட சேத்தாங்க. தசையில ஓடுற கரண்டு அந்தப் பெட்டியில சத்தமா வருமாம். கையை அசைக்காம வெச்சிருந்தா சத்தமே வரக்கூடாது. எனக்கு மழை நேரத்து ரேடியோ மாதிரி கரகரன்னுச்சு. "பாருங்க, நீங்க சும்மா இருந்தாலும் உங்க நரம்பு சும்மா இருக்கலை. இது குடி இல்லை, மனசும் இல்லை. நரம்பு"ன்னாங்க டாக்டரம்மா. அந்தப் பெட்டியைக் கும்பிடணும்போல இருந்துச்சு.

அந்தச் சந்தோஷம் அரை மணி நேரம்தான். "வீட்டுல வேற யாருக்காவது இப்படி உண்டா? அப்பா, அம்மா?"

"இல்லீங்க மேடம். அப்பா தள்ளாடுவாரு, அது குடி."

"குடிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?"

விழுந்து பாத்திருக்கேன், குடிச்சுப் பாத்ததில்லை. அப்பா வயல் கூலி. நாத்துக் கட்டைத் தலையில வெச்சு வரப்புல போவார். யாராவது கூப்பிட்டா சேத்துல விழுவார். காலங்காத்தாலேயே போட்டுட்டான்னு சிரிப்பாங்க. கடைசியில யாரும் வேலைக்குக் கூப்பிடறதை விட்டுட்டாங்க. "நான் குடிக்கலைடா"ன்னு என்கிட்ட எத்தனையோ தடவை சொன்னார். குடிக்கிறவன் வேற என்ன சொல்லுவான்னு நான் நம்பலை.

"தள்ளாட்டம் எவ்வளவு நேரம் இருக்கும்?"ன்னாங்க டாக்டரம்மா.

யோசிச்சேன். விழுவார், கொஞ்ச நேரம் கிடப்பார், சேத்தைக் கழுவிக்கிட்டு எழுந்து நாத்துக் கட்டைத் தூக்கிக்கிட்டு நேரா நடந்து போவார். ரெண்டு நிமிஷத்துல தெளியுற போதை உலகத்துல எங்கயாவது உண்டா? எனக்கும் அதேதான் வந்துக்கிட்டிருந்துச்சு, அதே வீட்டுல. எனக்கு வந்ததை மயக்கம்னேன், அவருக்கு வந்ததைக் குடின்னேன். என் கல்யாணத்துல, "மேடைப் பக்கம் வந்துடாதப்பா, மானம் போயிடும்"னு சொன்னேன். பாத பூஜைக்குப் பெரியப்பா நின்னார். அப்பா சமையல் பந்தல்ல உட்கார்ந்து இலை துடைச்சுக்கிட்டிருந்தார். மறுவருஷம் செத்துப்போயிட்டார்.

சாயங்காலம் வசந்தா சாப்பாடு கொண்டுவந்தப்ப சொன்னேன். அவ சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே, "மாமாகிட்ட ஒரு நாள்கூட வாசனை வந்ததில்லைங்க. நான் அப்பவே சொன்னேன். நீங்கதான் வாயை மூடுன்னீங்க"ன்னா. நான் சாப்பிடலை. ஆஸ்பத்திரி மாடிப்படியில உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். செத்த மனுஷன்கிட்ட மன்னிப்பு கேக்கறதுக்கு எந்தப் பெஞ்சுல சீட்டு கொடுக்குறாங்க, சொல்லுங்க.

கிளம்புற அன்னைக்கு டாக்டரம்மா தேன்மொழியைத் தூக்கிக் கொஞ்சினாங்க. கொஞ்சும்போதே அவ விரலை விரிச்சுப் பாத்தாங்க, நான் கவனிச்சுட்டேன். "பாதிக்குப் பாதி"ன்னாங்க. "போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். இப்ப சொல்ல வழி இல்லை. வந்தா விளையாடுற வயசுல வரும். பார்த்துக்கோங்க." கண்ணுல பிரஷர் இருக்கறவங்களுக்குக் கொடுக்குற ஒரு மாத்திரையை எனக்கு எழுதிக் கொடுத்தாங்க. அதைப் போட்டா விரல் மரமரன்னு இருக்கும், கோலி சோடா குடிச்சா சப்புன்னு வெறும் தண்ணி மாதிரி இருக்கும். ஆனா கேட்டுச்சு. நாளைக்கு நாலு தடவை வந்தது மாசத்துக்கு ஒண்ணா ஆச்சு. சர்டிபிகேட்டைப் பாத்து ஓவர்சியர், "முன்னாடியே சொல்லியிருக்கலாமேய்யா"ன்னு என்னைக் கம்பத்துலேருந்து இறக்கிப் புகார் எழுதுற மேசையில உட்கார வெச்சார். அந்த ஆபீஸ்ல எனக்கு வேலை தப்பிச்சுது. ஊர்ல பேரு தப்பிக்கலை. ஒரு சர்டிபிகேட்டைத் தெருத் தெருவாப் படிச்சுக் காட்ட முடியுமா?

ஆறு மாசத்துக்கு ஒரு தடவை புதுச்சேரி போவேன். நடுவுல டாக்டரம்மா வெளிநாடு போய்ப் படிச்சுட்டு வந்தாங்க. எட்டாவது வருஷம், ரொம்ப உற்சாகமா எனக்கு ஒண்ணு விளக்கினாங்க. நரம்புல சேதி ஓடி முடிஞ்சதும் அது அடங்கணும். அடங்கணும்னா உள்ளே இருக்குற பொட்டாசியம்ங்கற சத்து வெளியே வரணும். அது வர்றதுக்கு நரம்பு நெடுக சின்னச் சின்னக் கதவு இருக்கு. அந்தக் கதவு திறக்கலைன்னா நரம்பு தொடர்ந்து கத்திக்கிட்டே இருக்கும். பொட்டாசியம் இளநீர்ல இருக்குன்னு கேட்டதுலேருந்து வசந்தா எனக்கு தினம் ஒரு இளநீர் வெட்ட ஆரம்பிச்சுட்டா. சரக்கு கிடங்கு நிறைய இருக்கு, கதவுதான் கோளாறுன்னு டாக்டரம்மா சொன்னப்புறமும் நிறுத்தலை. நானும் குடிச்சேன், அவளுக்கு ஏதோ செஞ்சமாதிரி இருக்கட்டும்னு.

"ஒவ்வொரு கதவும் நாலு துண்டு சேர்ந்ததுன்னு இப்ப நினைக்கிறாங்க"ன்னாங்க டாக்டரம்மா. "எலி மூளையில பாத்துக்கிட்டிருக்காங்க. துண்டுலயே பல ஜாதி இருக்கு. மூளையில ஒரு இடத்துல ஒரு மாதிரி கூட்டு சேருது, இன்னொரு இடத்துல வேற மாதிரி. மனுஷனுக்கும் அப்படித்தான் இருக்கணும். அந்தத் துண்டைச் செய்யுற கணக்கு அப்பாகிட்டேருந்து ஒண்ணும் அம்மாகிட்டேருந்து ஒண்ணும் வருது. உங்க வியாதி இதுதான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், என் மனசுல படுறதைச் சொல்றேன்."

"என் அப்பா கொடுத்தது கோளாறுன்னே வெச்சுக்குவோம் மேடம். அம்மா கொடுத்தது நல்லதாத்தானே இருக்கு? அது போதாதா?"

அவங்க, "கம்பம் எப்படித் தூக்குவீங்க?"ன்னாங்க. வண்டி போகாத வயக்காட்டுல இரும்புக் கம்பத்தை நாலு பேர் தோள் கொடுத்துத் தூக்கிட்டுப் போவோம். ஒருத்தன் கால் மடங்கினா மத்த மூணு பேர் எவ்வளவு பலசாலியா இருந்தும் பிரயோஜனம் இல்லை, கம்பம் கீழதான். "அதேதான்"ன்னாங்க. உடம்பு ஆளைப் பொறுக்கி நிறுத்துறதில்லையாம். அப்பா ஆள், அம்மா ஆள் கலந்து எந்த நாலு பேர் கிடைக்கிறாங்களோ அவங்களைச் சேத்துடும். சரிபாதி கலந்தா, பதினாறு கூட்டத்துல ஒரே ஒரு கூட்டத்துலதான் நாலு பேரும் சரியான ஆளா இருப்பாங்க. காகிதத்துல போட்டுக் காட்டினாங்க. எனக்குச் சட்டுனு புரிஞ்சுச்சு. புரிஞ்சு என்ன பண்றது? வசந்தா எவ்வளவு நல்ல ஆளைக் கொடுத்திருந்தாலும் நான் கொடுத்தவன் ஒருத்தன் நடுவுல நின்னாப் போச்சு.

அன்னைக்கு ஊருக்கு வந்ததுலேருந்து எனக்குக் கிறுக்கு பிடிச்சுது. தேன்மொழிக்கு அப்ப பத்து வயசு. சாப்பிடும்போது அவ விரலைப் பாப்பேன். வெளிச்சத்துல வளையல் அளவு பாக்குற மாதிரி கையை வாங்கிப் பாப்பேன். சில நாள் துடிக்கிற மாதிரி இருக்கும், சில நாள் என் கைதான் நடுங்குதோன்னு இருக்கும். அப்புறம் தெருக்கோடி வரைக்கும் ஓடிட்டு வான்னு சொல்ல ஆரம்பிச்சேன். ஓடி வந்து நிப்பா. நின்னதும் குனிஞ்சு கொலுசை இழுத்துவிட்டுக்குவா, இல்லை தரையில எதையாவது பொறுக்குவா. கால் நல்லாத்தான் இருக்கும். அப்பாடான்னு அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கும். மறுநாள் மறுபடியும் சந்தேகம். ஒரு நாள் அவ பின்னால போய் நின்னு தட்டைக் கீழ போட்டேன். அவ அப்படியே உட்கார்ந்துட்டா. பயந்துட்டேன்ப்பான்னு சிரிச்சா.

வசந்தா பாத்துட்டா. என்னைக் கொல்லைக்குக் கூப்பிட்டு, "பெத்த பிள்ளையை வெச்சு என்ன சோதனை பண்றீங்க?"ன்னா. "இருக்குன்னு தெரிஞ்சா என்ன கிழிக்கப் போறீங்க?"

"தெரிஞ்சாகணும் வசந்தா."

"எதுக்கு?"

மாத்திரை கொடுக்கலாம், அவ்வளவுதான். அவளுக்குள்ள இருக்குற ஆள்ல ஒருத்தனைக்கூட என்னால மாத்தி நிறுத்த முடியாது. அன்னைக்கோட ஓடச் சொல்றதை விட்டேன். விரலைப் பாக்குறதை மட்டும் விட முடியலை.

அடுத்த மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை சாமான் வாங்க அவளும் நானும் கடைத்தெருவுக்குப் போயிருந்தோம். ஒரு லாரிக்காரன் பக்கத்துல ஆரன் அடிச்சான். எனக்கு வந்துடுச்சு. விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஆடுறேன். போறவங்க வழக்கம்போல விலகிப் போறாங்க. "பொண்ணை வேற கூட்டிக்கிட்டு வந்திருக்கான் பாரு"ன்னு ஒரு குரல் கேட்டுச்சு. தேன்மொழியைத் தேடினேன். என் காலடியில தரையில உட்கார்ந்து கொலுசைப் பிடிச்சிருந்தா. அவளுக்குக் கை ரெண்டும் ஆடுது.

ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல அடங்குச்சு. கீழ குந்தி அவ முகத்தை நிமித்தினேன். எப்பலேருந்துடான்னு கேட்டேன். "போன பொங்கலுக்கு முந்தின பொங்கல்லேருந்து"ன்னா. ஏன் சொல்லலைன்னேன். "நீங்க அழுவீங்கன்னு"ன்னா. அப்புறம் யாருக்கும் கேக்காம என் காதுகிட்ட வந்து சொன்னா:

"நிக்காதீங்கப்பா. வரப்போவுதுன்னு தெரிஞ்சதுமே உட்கார்ந்துடுங்க. உட்கார்ந்துட்டா யாரும் குடிகாரன்னு சொல்ல மாட்டாங்க."